'கிரேடு 1 ஃபேட்டி லிவர்தானே, விடு மச்சி!' - கொழுப்பைப் பார்க்கிறோம்... தழும்பைப் பார்க்கிறோமா?

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வந்த அன்றைக்கு நம் ஆட்கள் நடந்துகொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? சுகர் எல்லையைத் தாண்டியிருந்தால் பதற்றம். கொலஸ்ட்ரால் கூடியிருந்தால் அன்று ஒரு நாள் மட்டும் பரோட்டாவுக்கு லீவு. ஆனால், அல்ட்ராசவுண்ட் ஷீட்டின் அடியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இருந்தால் மட்டும் யாரும் அசைவதே இல்லை. "அது எல்லாருக்கும்தான் இருக்கு, விடு மச்சி!" அவ்ளோதான். மேட்டர் முடிந்தது.

'எல்லாருக்கும் இருக்கு' என்பது கிட்டத்தட்ட உண்மையும்கூட. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-ல் வெளியிட்ட கணக்குப்படி, பெரியவர்களில் 38.6 சதவிகிதம் பேருக்கு மது சாராத ஃபேட்டி லிவர் இருக்கிறது. ஹைதராபாத்தில் 345 ஐ.டி ஊழியர்களைப் பரிசோதித்து 2025-ல் வெளியான ஆய்வில் அது 84 சதவிகிதம். ஒரே ஊர், ஒரே துறை, சின்ன எண்ணிக்கை. அதனால் இதை நாட்டுக்கே பொதுவான கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனாலும் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து படிக்க வேண்டிய எண் அது.

பிரச்னை எங்கே என்றால், அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் 'கிரேடு' என்ற வார்த்தையில். அல்ட்ராசவுண்டில் கல்லீரல் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை வைத்துத் தரப்படுவது அது. அதாவது, கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதற்கான மதிப்பெண். கல்லீரலில் தழும்பு விழ ஆரம்பித்துவிட்டதா என்பதை அது சொல்லாது. தழும்புக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. எஃப்0-வில் தொடங்கி எஃப்4 வரை. எஃப்0 என்றால் தழும்பே இல்லை. எஃப்4 என்றால் சிரோசிஸ். கிரேடு 1 என்று ரிப்போர்ட் வந்தவருக்கு எஃப்3 தழும்பு இருக்கலாம். கிரேடு 3 வந்தவருக்கு எஃப்0 இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கணக்கு!

இதில் எது ஆளை அடிக்கிறது? அமெரிக்கா, ஐரோப்பா, தாய்லாந்து நாடுகளைச் சேர்ந்த 619 நோயாளிகளின் கல்லீரல் திசு மாதிரிகளையும், அவர்களுக்குப் பின்னாளில் என்ன ஆனது என்பதையும் ஒப்பிட்டு 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. கொழுப்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். நோயாளியின் ஆயுளோடு நேரடியாகத் தொடர்புபட்டது ஒன்றே ஒன்றுதான்: தழும்பு.

தழும்பு என்றால்... கொலாஜன்!

ஆமாம், இன்ஸ்டா ரீல்ஸில் 'ஸ்கின் க்ளோ ஆகும்' என்று பவுடராக விற்கிறார்களே, அதே பெயர்தான். தோல், எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய் என உடம்பை இழுத்துக் கட்டி நிறுத்தியிருக்கும் புரதம். நம் உடம்பில் இருக்கும் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 30 சதவிகிதம் இதுதான்.

இந்தக் கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்த இடம் சென்னை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடைய மாணவர் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட வடிவம். நல்ல தாம்புக்கயிறை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது கங்காரு வால் தசைநாண். அதைத் தந்தது அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் பதனிடுகிறவர்களுக்குக் கொலாஜன்தானே மூலப்பொருள்! அந்த நிறுவனத்தின் அரங்கத்துக்கு இன்றும் 'ட்ரிபிள் ஹெலிக்ஸ்' என்றுதான் பெயர்.

கயிறு உறுதியாக இருப்பது நல்லதுதான், இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரை. கல்லீரல் ஒரு பஞ்சு மாதிரி. ரத்தம் அதற்குள் மெதுவாகக் கசிந்து ஓட வேண்டும். அங்கே வருடக்கணக்கில் கயிறு மேல் கயிறாகக் கட்டிக்கொண்டே போனால் பஞ்சு இறுகிவிடும். ரத்தம் உள்ளே போக முடியாமல் பின்னால் தேங்கும். வயிற்றில் நீர் கோப்பது, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்து வெடிப்பது எல்லாம் அதன் பிறகு வரும் காட்சிகள்.

உடனே ஒரு டவுட் வரும். "அப்போ நான் குடிக்கிற கொலாஜன் பவுடர் நேரா லிவர்ல போய் உட்கார்ந்துடுமா?" இல்லை. வாய்வழியாகப் போகும் கொலாஜன், சிக்கன் மாதிரி, பருப்பு மாதிரி, வயிற்றில் துண்டு துண்டாகச் செரிக்கப்பட்டுவிடும். கல்லீரல் தழும்பில் இருக்கும் கொலாஜன் கடையில் வாங்கியது அல்ல. கல்லீரலே உள்ளே உட்கார்ந்து தயாரித்தது. அப்படியென்றால் தயாரிப்பவர் யார்?

40 வருடத்துக்கு முந்தைய துப்பறியும் கதை

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர், ஸ்காட் ஃப்ரீட்மேன். இப்போது நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் இருக்கும் கல்லீரல் நிபுணர். 1980-களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில், மான்ட்கோமரி பிஸல் என்பவரின் ஆய்வகத்தில் இளம் ஆராய்ச்சியாளராக இருந்தார். கல்லீரலில் கொலாஜனை யார் செய்கிறார்கள் என்பதில் அப்போது தெளிவு இல்லை. கல்லீரலின் பெரும்பகுதி ஹெப்பட்டோசைட் எனும் செல்கள்தான். செரிமானத்துக்கான பித்தநீர், ரத்தத்துக்கான புரதங்கள் என்று அத்தனை வேலையும் அவைதான் பார்க்கின்றன. அதனால் சந்தேகம் முதலில் அவற்றின் மேல்தான் விழுந்தது.

ஃப்ரீட்மேன் கை வைத்தது வேறொரு செல்லின் மேல். அந்தச் செல்லுக்கு நூறு வருடக் குழப்ப வரலாறு உண்டு. 1876-ல் ஜெர்மன் உடற்கூறியல் நிபுணர் கார்ல் வான் குப்ஃபெர், கல்லீரலில் நரம்புகளைத் தேடிக்கொண்டிருந்தபோது நட்சத்திர வடிவத்தில் சில செல்களைப் பார்த்து 'நட்சத்திர செல்' என்று பெயர் வைத்தார். பிறகு அவரே குழம்பி, கல்லீரலில் கிருமிகளை விழுங்கும் வேறொரு செல்லையும் இதையும் ஒன்றென்று நினைத்துவிட்டார். விளைவு, இன்று 'குப்ஃபெர் செல்' என்று பாடப்புத்தகத்தில் இருப்பது அவர் முதலில் பார்த்த செல்லே இல்லை! 1951-ல் ஜப்பானின் தோஷியோ இதோ, கொழுப்புத் துளிகளைச் சுமந்துகொண்டிருக்கும் ஒரு செல்லைக் கல்லீரலில் கண்டார். 1971-ல் கென்ஜிரோ வாகே என்ற இன்னொரு ஜப்பானியர், 'ஐயா, இதுவும் குப்ஃபெர் முதலில் பார்த்ததும் ஒன்றுதான்' என்று முடிச்சை அவிழ்த்தார். நம் உடம்பில் இருக்கும் வைட்டமின் ஏ-யின் பெரும்பகுதியைச் சேமித்து வைத்திருக்கும் கிடங்கு இந்தச் செல்தான்.

வைட்டமின் ஏ-வைச் சுமக்கிற சாதுவான செல். யாருக்கு இதன் மேல் சந்தேகம் வரும்? ஆனால், அந்தக் கொழுப்புத் துளிகள்தான் ஃப்ரீட்மேனுக்கு உதவின. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் இல்லையா? அதே மாதிரி, எலியின் கல்லீரலைத் தனித்தனி செல்களாகப் பிரித்து, அடர்த்தி வித்தியாசமுள்ள திரவத்தில் சுழற்றினால் இந்தச் செல்கள் மட்டும் மேலே மிதக்கும். அள்ளி எடுத்து, தனியாக வளர்த்துப் பார்க்கலாம். 1985-ல் ஃப்ரீட்மேன், பிஸல் குழு கட்டுரையை வெளியிட்டது. ஹெப்பட்டோசைட்டைவிடப் பல மடங்கு கொலாஜனை இந்த 'மிதக்கும்' செல்தான் தயாரித்துக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்த ஆய்வுகள் இதன் இரட்டை வேடத்தை அம்பலப்படுத்தின. கல்லீரல் நன்றாக இருக்கும்வரை இந்த ஸ்டெல்லேட் செல் தூங்கிக்கொண்டிருக்கும். மது, ஹெபடைட்டிஸ் வைரஸ், அளவுமீறிய கொழுப்பு என ஏதோ ஒன்று பக்கத்து செல்களைக் காயப்படுத்தினால் ரசாயன சிக்னல்கள் பறக்கும். இது விழித்துக்கொள்ளும். கையில் இருந்த வைட்டமின் ஏ-வைக் கீழே போட்டுவிட்டு, தசை மாதிரி சுருங்கும் தன்மைக்கு மாறி, பெருகி, கொலாஜனை நெய்யத் தொடங்கும். காயத்தைக் கட்டுவதற்காக வந்த ஆள்தான். காயம் நிற்காததால் கட்டுவதும் நிற்கவில்லை.

விழுந்த தழும்பு மறையுமா?

சிரோசிஸ் என்றாலே ஒருவழிப் பாதை என்றுதான் பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். நம் வீடுகளிலும் 'ஈரல் கெட்டுப்போச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்கிற வசனம் உண்டு. அந்த நம்பிக்கையை உடைத்தது ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளின் அனுபவம்.

வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்து வருடம் சாப்பிட்டவர்களுக்கு, தொடக்கத்திலும் முடிவிலும் கல்லீரல் பயாப்சி எடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்தவர்கள் 96 பேர். ஐந்து வருடம் கழித்து அவர்களில் 71 பேருக்கு சிரோசிஸ் இல்லை! அந்த மாத்திரை கொலாஜனைத் தொடக்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வைரஸை அடக்கியது, அவ்வளவே. காயம் நின்றதும் உடம்பே கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டது.

எப்படி அவிழ்க்கிறது? பிரிட்டனின் ஜான் ஐர்டேல் குழு 1998-ல் எலிகளில் இதைக் காட்டியது. காயப்படுத்துவதை நிறுத்தியதும் விழித்திருந்த ஸ்டெல்லேட் செல்களில் பல தாமாகவே செத்துப்போகின்றன. கொலாஜனை அறுக்கும் என்சைம்களுக்குப் போட்டிருந்த கடிவாளமும் தளர்கிறது. ஆனால், 2012-ல் இதற்கு ஒரு பின்குறிப்பு வந்தது. எல்லாச் செல்களும் சாவதில்லை. ஏறக்குறைய பாதி, பழைய தூக்கத்துக்கே திரும்பிவிடுகின்றன. திரும்பினாலும் பழைய ஞாபகம் போவதில்லை. மறுபடி காயம் பட்டால், முதல் தடவையைவிட வேகமாக எழுந்து நெய்ய ஆரம்பிக்கின்றன. மூன்று மாதம் டயட், ஆறு மாதம் பிரியாணி என்று ஓட்டும் கோஷ்டிக்கு (நானும் அதில் ஒரு மெம்பர்தான்) இது நல்ல செய்தி இல்லை. எலியில் பார்த்தது என்று வேண்டுமானால் தேற்றிக்கொள்ளலாம்.

செங்காந்தளில் தொடங்கிய ஏமாற்றம்

வில்லனின் முகவரி கிடைத்தாயிற்று. அப்படியென்றால் கொலாஜனையே நேராக அடிக்கும் மருந்து வந்திருக்க வேண்டுமே? 40 வருடமாகப் பார்க்கிறார்கள். இந்த ஏரியாவில் விழுந்த அடிகள் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் பெரிய முயற்சிக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோல்சிசின் என்றொரு பழைய மருந்து, கீல்வாத வலிக்குத் தருவது. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையில் இருந்து எடுக்கலாம். திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுவது இதற்காகத்தான். செல்கள் கொலாஜனை வெளியே அனுப்புவதை இது தடுக்கிறது என்று ஆய்வகத்தில் தெரிந்தது. மெக்சிகோவில் டேவிட் கெர்ஷெனோபிச், மார்கோஸ் ரோஹ்கிண்ட் ஆகியோர் 100 நோயாளிகளிடம் சோதித்து, 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாவது வருடத்தில் கோல்சிசின் எடுத்தவர்களில் 75 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவிகிதம். மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு அமெரிக்காவில் மதுவால் சிரோசிஸ் வந்த 549 பேரிடம் சோதித்துப் பார்த்தபோது, 2005-ல் வந்த முடிவு: உயிரிழப்பைக் குறைக்கவில்லை. கதை முடிந்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் கண்வலிக்கிழங்கைத் தேடிப் போய்விடாதீர்கள். அது ஆளைக் கொல்லும் விஷம்.)

அடுத்தது சிம்டுசுமாப். கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பூட்டும் என்சைமைத் தடுக்கும் ஆன்டிபாடி. ஜிலியட் நிறுவனம் பெரிய நம்பிக்கையோடு இறக்கியது. காகிதத்தில் பிரமாதமான ஐடியா. 2016-ல் ஃபேட்டி லிவர் சோதனைகளைப் பலனில்லை என்று நிறுத்தினார்கள். ஓபெடிகோலிக் ஆசிட் என்ற இன்னொரு மருந்தை அமெரிக்க எஃப்.டி.ஏ 2020, 2023 என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியது.

கடைசியில் எது ஜெயித்தது தெரியுமா? கொலாஜனை நேராகக் குறிவைக்காத மருந்துகள்! 2024 மார்ச்சில் எஃப்.டி.ஏ ஒப்புக்கொண்ட ரெஸ்மெடிரோம், கல்லீரலில் தைராய்டு ஹார்மோன் செய்யும் வேலையைத் தூண்டி, கொழுப்பை எரிக்க வைக்கிறது. ஃபேட்டி லிவரின் முற்றிய வடிவத்துக்கு எஃப்.டி.ஏ அனுமதித்த முதல் மருந்து இதுதான். அடுத்து 2025 ஆகஸ்ட்டில் செமாக்ளூடைடு. ஆமாம், உலகமே எடை குறைக்க ஊசி போட்டுக்கொள்கிற அதே மருந்து. இரண்டுக்குமே எஃப்2, எஃப்3 தழும்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. சிரோசிஸுக்கு இல்லை.

ஹெபடைட்டிஸ் பி சொன்ன பாடத்தைத்தான் இவையும் திரும்பச் சொல்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. காயப்படுத்துவதை நிறுத்து, கயிறைக் கல்லீரல் பார்த்துக்கொள்ளும். அதற்காக ஃப்ரீட்மேனின் செல் வீண் என்று அர்த்தமில்லை. தழும்பு என்பது செத்துப்போன சதை இல்லை, உயிருள்ள செல்கள் நடத்தும் வேலை என்று தெரிந்திருக்காவிட்டால், 'தழும்பு குறைந்ததா' என்பதை ஒரு மருந்துக்கான பரீட்சையாக வைக்க யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது.

ஆனால், தலைப்புச் செய்திகள் சொல்கிற அளவுக்கு இவை அற்புதங்களும் அல்ல. 966 பேரிடம் நடந்த சோதனையில், ரெஸ்மெடிரோமின் பெரிய டோஸ் எடுத்தவர்களில் 25.9 சதவிகிதம் பேருக்குத் தழும்பு ஒரு படியாவது குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களிலும் 14.2 சதவிகிதம் பேருக்குக் குறைந்தது. செமாக்ளூடைடில் அது 36.8-க்கு 22.4. கழித்துப் பாருங்கள், நூறு பேருக்கு 12 முதல் 14 பேர்தான் மருந்தால் கூடுதலாகப் பலன் அடைந்தவர்கள். அனுமதியும் 'துரித' வகைதான். இந்த மருந்துகள் நீண்ட காலத்தில் உயிரைக் காக்கின்றனவா என்பதை நிறுவனங்கள் இனிமேல்தான் நிரூபிக்க வேண்டும்.

விலை? ரெஸ்மெடிரோம் அமெரிக்காவில் ஒரு வருடத்துக்கு 47,400 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. நம் காசில் சுமார் 40 லட்சம் ரூபாய். செமாக்ளூடைடின் கதை வேறு. 2026 மார்ச் வரைதான் இந்தியாவில் அதன் காப்புரிமைக் காலம். உள்ளூர் நிறுவனங்கள் அதற்காகத்தான் வரிசைகட்டின. விலை இறங்குவது நல்லது. 'லிவருக்கு நல்லதாம்' என்று டாக்டரைப் பார்க்காமலே ஊசியை வாங்கிக் குத்திக்கொள்ளும் கூட்டம் கிளம்புவதுதான் கவலை.

சரி, நம்ம கையில என்ன இருக்கு?

கியூபாவில் 293 நோயாளிகளை ஒரு வருடம் உணவு, நடை என்று மட்டும் வைத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. உடல் எடையில் 10 சதவிகிதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவிகிதம் பேருக்குத் தழும்பு பின்வாங்கியது. மேலே சொன்ன மருந்துகளின் எண்களைவிட இது பெரிது. வெவ்வேறு சோதனைகளை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது என்பார்கள், சரிதான். அதைவிட முக்கியம், அந்த 293 பேரில் 10 சதவிகிதம் எடையைக் குறைக்க முடிந்தவர்கள் வெறும் 29 பேர். 'வெயிட்டைக் குறைங்க' என்று ஒரு வரியில் சொல்லி அனுப்புகிற டாக்டர்களும், அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிற நாமும் மறக்கும் எண் அது. மருந்துக்கான தேவை இருப்பதே அந்த மீதி 264 பேருக்காகத்தான்.

இதில் யாருக்கு அவசரம், யாருக்கு இல்லை என்று பிரித்தறிய பெரிய செலவு வேண்டியதில்லை. ஏற்கெனவே உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களை வைத்தே போடும் 'ஃபிப்-4' என்ற கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி-யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை எஸ்.ஜி.பி.டி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். பிளேட்லெட் 2 லட்சம் என்றிருந்தால் 200 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, வயது 45, எஸ்.ஜி.ஓ.டி 60, எஸ்.ஜி.பி.டி 64, பிளேட்லெட் 2 லட்சம் என்றால் விடை 1.69 வரும். 1.3-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பெரிய தழும்பு இல்லை. மேலே போனால் அடுத்த கட்டமாக ஃபைப்ரோஸ்கேன். ஊசி, கத்தி எதுவும் இல்லாமல், விலா எலும்புக்கு மேலே ஒரு கருவியை வைத்து லேசாகத் தட்டி, அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். இறுகிய கல்லீரலில் அது வேகமாக ஓடும்.

ஒன்று, 1.3-ஐத் தாண்டிவிட்டது என்பதாலேயே தழும்பு உறுதி என்று அர்த்தமில்லை. இரண்டு, இதைப் படிக்கும் பலருக்கும் பொருந்துவது: 35 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஃபிப்-4 கணக்கு சரியாக வராது. கணக்கில் வயது முதல் ஆளாக நிற்பதால், 27 வயதில் விடை குறைவாக வந்து 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்று தோன்றவைத்துவிடும். அந்த வயதில் ஃபேட்டி லிவரோடு சர்க்கரையோ, கூடுதல் எடையோ சேர்ந்திருந்தால், கால்குலேட்டரை விட்டுவிட்டு 'எனக்கு ஃபைப்ரோஸ்கேன் தேவையா?' என்று டாக்டரிடமே கேட்பது நல்லது. வயது 45, 50 ஆன அப்பா அம்மாவின் பழைய ரிப்போர்ட்கள் வீட்டு பீரோவில்தான் கிடக்கும். அந்தக் கணக்கை அவர்களுக்கு இன்றைக்கே போட்டுப் பார்க்கலாம்.